கடைசிக்கு முந்தின ஆள்

என்னைப் பிடிக்காதவர்களின் பட்டியல் ஒன்றை யாராவது தயாரித்தால், முதல் பெயர் எங்கள் அலுவலக சூப்பரிண்டெண்டுடையதாக இருக்கும். இரண்டாவது என் மனைவி. போன மழைக்காலத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே வாரத்தில் என்னைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு கால்பந்து.

இருவர் கோபத்துக்கும் காரணம் ஒன்றுதான். அடுத்தவரைப் போல நடித்துக் காட்டும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்ற விருந்தில், சூப்பரிண்டெண்ட் ஃபைல் படிக்கும் விதத்தைச் செய்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், விரலை நாக்கில் தொடுவார், பக்கத்தைத் திருப்புவார், பிறகு ஏனோ அதை முகர்ந்து பார்ப்பார். சிரித்த சிரிப்பில் ஒருவருக்குச் சமோசா மூக்கு வழியாக வந்தது. திடீரென்று எல்லோரும் ஒன்றாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் என் மனைவியின் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. அங்கே அவளுடைய குறட்டையைச் செய்து காட்டினேன். மூன்று கட்டம்: கப்பல் இன்ஜின் கிளம்புவது, ஊதுவது, கப்பல் துறை ஜெட்டியில் வந்து இடிப்பது. அவள் வீட்டார் மொத்தமும் விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆட்டோவில் ஏறியதும் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஃபிரிஜ்ஜோடு பேசினாள். "சோறு ஆறுது. யாராவது சொல்லிருங்க." ஃபிரிஜ் இல்லாத அறையில் சுவரோடு பேசினாள். பத்துபஸ்தியில் எங்கள் க்வார்ட்டர்ஸுக்குத் தலைக்கு மேலேயே விமானம் இறங்கும்; அது போகும்வரை வாயை மூடிக் காத்திருந்து, மிச்ச வாக்கியத்தைச் சுவரிடம் சொல்லி முடிப்பாள்.

இந்த நிலையில்தான் சூப்பரிண்டெண்ட் கூப்பிட்டார்.

"உக்காருய்யா."

அவர் இதுவரை என்னை உட்காரச் சொன்னதில்லை; நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"ஃபுட்பால் தெரியுமா?"

"தெரியும் சார். உருண்டையா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றப் போய், ஞாபகம் வந்தவராகப் பாதியில் கையை இறக்கினார். என் மேல் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது தெரிந்தது.

"எல்லா இலாகாவும் ஆடுற டோர்னமெண்ட்ல நம்ம ஆபீஸ் ஃபைனலுக்கு வந்துருச்சு. லைன்ஸ்மேனுக்கு ஆள் பத்தலையாம். ஃபைனல் ஆடுற ரெண்டு ஆபீஸும் ஆளுக்கு ஒருத்தனைத் தரணும்ங்கறாங்க. இங்க ஓடத் தெரிஞ்சவன் பூராப்பேரும் டீம்ல இருக்கான். மிச்சம் கிடக்கிறது நீதான்."

"சார், எனக்கு முட்டி வலி..."

"ஹட் பே ஆபீஸ்ல ஒரு போஸ்ட் காலி, தெரியும்ல? டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்ல உன் பேரைப் பென்சில்லதான் எழுதி வச்சிருக்கேன். ரப்பரும் என்கிட்டதான் இருக்கு." மேஜையில் இருந்த ரப்பரை எடுத்து எனக்குக் காட்டினார், மந்திரவாதி முட்டையைக் காட்டுவதுபோல. "அங்க நீ நம்ம ஆளு. அதை மட்டும் மறந்துராத."

ஹட் பே மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல ஊர், நல்ல ஜனம். நடுவில் கடல் இருக்கிறது, அவ்வளவுதான். தீவிலேயே பிறந்து வளர்ந்தும், ஜெட்டியில் நின்று கப்பலைப் பார்த்தாலே எலுமிச்சம்பழம் தேடுகிற ஆள் நான். அதோடு அங்கே தனியாகச் சமைக்க வேண்டும். எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியும். அதுவும் பாதி வெடித்துவிடும். என் மனைவி வேறொரு இலாகாவில் வேலை பார்க்கிறாள்; அவளுக்கு மாற்றல் கிடையாது. எனவே அந்த ரப்பரைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு லேசாகத் தலை சுற்றியது. அறைக்குள் அலை எதுவும் இல்லை.

லைன்ஸ்மேன் வேலை எனக்கு விசித்திரமாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேர்தல் வேலைக்குப் போய்ப் போய்ப் பழகிய உடம்பு இது. வாக்குச்சாவடியில் கட்சிக்கு ஒரு ஏஜெண்ட் உட்கார்ந்திருப்பார். எதிர்க்கட்சிக்காரன் விரலில் மை மாதிரி ஏதாவது தெரிந்தால் எழுந்து கத்துவார். தன் கட்சிக்காரன் வந்தால் கூரையில் பல்லி தேடுவார். லைன்ஸ்மேன் என்பவரும் அதே ஏஜெண்ட்தான், கையில் ஒரு கொடி கூடுதல் என்று முடிவு கட்டிக்கொண்டேன். சூப்பரிண்டெண்டும் அப்படித்தான் நினைத்தார். எங்கள் அலுவலகம் மொத்தமும் அப்படித்தான் நினைத்தது. நாங்கள் எல்லோரும் சர்க்கார் ஆட்கள். ஒரு இடத்துக்கு ஒருவரை அனுப்பினால், அவர் அனுப்பியவருக்காகத்தான் பேச வேண்டும்.

மூன்று நாள் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். ஆட்டம் எனக்குப் புரிய வேண்டுமென்றால் அதை அலுவலகமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். கோல்கீப்பர் என்பவர் கேஷியர். கம்பிக்குள் உட்கார்ந்திருப்பார், கையால் தொட அவருக்கு மட்டும் அதிகாரம், அதுவும் அவருடைய கட்டத்துக்குள் மட்டும். அவருக்கு முன்னால் நிற்கிற பேக்குகள், 'இன்னிக்கு ஆகாது, நாளைக்கு வாங்க' என்று சொல்லும் கிளார்க்குகள். அவர்கள் வேலையே வந்ததைத் திருப்பி அனுப்புவது. நடுவில் ஹாஃப்கள் டெஸ்பாட்ச் செக்ஷன். நாள் முழுக்க இங்கும் அங்கும் ஓடுவார்கள், இவர்கள் இல்லாமல் எதுவும் நகராது, ஒருவருக்கும் இவர்கள் பெயர் தெரியாது. ஃபார்வர்டுகள் போட்டோ எடுக்கும்போது முன்னால் வந்து நிற்பவர்கள். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால் கையால் எறிந்து உள்ளே அனுப்பலாம். கட்டத்துக்குள் வைத்துக் காலை வாரினால் பெனால்டி. இதுவரை சரி.

பிறகு ஆஃப்சைடு வந்தது. அங்கே நான் முழுகினேன். வீடியோவில் ஒருவர் இங்கிலீஷில் இருபது நிமிடம் விளக்கினார். கோடு போட்டார், அம்பு விட்டார். முடிவில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: இதற்காகத்தான் லைன்ஸ்மேன் என்று ஒருவனைச் சம்பளம் இல்லாமல் வெயிலில் நிறுத்துகிறார்கள்.

அன்று மாலை போனில் அதே வீடியோவை நாலாவது தடவை ஓட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த மனுசன் லைன்ஸ்மேனாம்," என்று ஃபிரிஜ்ஜிடம் சொன்னாள். "எங்க ஆபீஸ் ஆடுத ஃபைனலுக்கு. கேட்டியா நீ?"

எதிரணி அவளுடைய இலாகா என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டீஸில் போட்டிருந்தது. ஹட் பே என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் என் கண்ணில் படவில்லை.

அவள் வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். நான்கு அண்ணன்கள், நால்வரும் ஆடியவர்கள். சிறு வயதில் அவர்களுடைய செருப்புகளுக்குக் காவலாக இவளை மைதானக் கோட்டோரம் உட்கார்த்தி வைப்பார்களாம். பத்து வருடம் செருப்புக் காவல் பார்த்தவளுக்கு வீடியோ தேவைப்படாது.

"யாராவது சொல்லிருங்க," என்றாள், இந்த முறை சுவரிடம். "திருட்டுக் கொடி தூக்கி எங்க ஆபீஸைத் தோக்கடிச்சா இந்த வீட்டுல சோறு கெடையாது. தெரியாம தூக்குனாலும் கெடையாது. பொறத்தால வரச் சொல்லுங்க."

பின்பக்க வராந்தாவில் துணிக்கயிறு. மழை என்பதால் உள்ளே தள்ளிக் கட்டியிருந்தது. துணிகளை உருவி எடுத்து என் தோள்மேல் போட்டாள். கயிற்றில் கிளிப்புகள் மட்டும் மிஞ்சின.

"ரோஸ் கலர் கிளிப்பு எங்க ஆபீஸ். பச்சை அந்த உருப்படாத ஆபீஸ். மரக்கிளிப்பு எங்க கீப்பர். சன்னல் பக்கம் எங்க கோல். பந்துக்கு இந்த நாத்தம் புடிச்ச சாக்ஸ் போதும்."

எல்லாவற்றையும் கயிற்றிடம்தான் சொன்னாள். நான் கயிற்றுக்குப் பக்கத்தில் தற்செயலாக நிற்கும் ஆள்போல நின்றேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அகலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஆட்டத்தை ஒரே கயிறாக ஆக்கியதும், இருபது நிமிட வீடியோ இரண்டு நிமிடத்தில் புரிந்தது. ஆஃப்சைடுக்கு யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்பதெல்லாம் கணக்கே இல்லை. யார் ஜன்னலுக்கு எவ்வளவு கிட்டே, அவ்வளவுதான்.

"பச்சை இங்க நிக்கான். பந்தைவிட முன்னால நிக்கான். அவனுக்கும் சன்னலுக்கும் நடுவுல எங்க ஆளு எத்தனை?"

"ஒண்ணு. கீப்பர்."

"ரெண்டு இருக்கணும். இல்லியா, ஆஃப்சைடு. அதுவும் பந்து அவன்கிட்ட வந்து சேருத நேரம் இல்ல. அவன் கூட்டாளி உதைக்கிற நேரம். உதைக்கும்போது எங்க நின்னான், அதான் கேள்வி. வெளங்குச்சான்னு யாராவது கேளுங்க."

"வெளங்குச்சு," என்றேன், கயிற்றிடம்.

அவள் மரக்கிளிப்பை எடுத்து ஜன்னலிலிருந்து வெகுதூரம் முன்னால் கொண்டுபோய் மாட்டினாள். ஜன்னலருகே ஒரு ரோஸ் கிளிப் மட்டும். அதற்கு முன்னால் ஒரு பச்சை.

"இப்போ?"

இதற்கெல்லாம் அசருகிறவனா நான். "இப்போ ஆஃப்சைடு இல்ல. கீப்பர்தான் வெளிய போயாச்சே. கடைசில ஒரு பேக் நிக்கிறான்ல."

என் காதில் ஒரு கிளிப் வந்து கடித்தது. இருபது நாளில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"கடைசி ஆளைப் பாக்கக் கூடாது. கடைசிக்கு முந்தின ஆளைப் பாக்கணும். கீப்பர்தான் கடைசின்னு எந்த மடையன் சொன்னான்? இடத்தை விட்டு வெளிய வந்துட்டா கீப்பரும் ஒரு கிளிப்புதான். இப்ப எண்ணச் சொல்லுங்க."

எண்ணினேன். பச்சைக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒன்றே ஒன்று. ஆஃப்சைடு.

"இதுல நான் எங்க?" என்று கேட்டேன். காதிலிருந்து கிளிப்பை எடுக்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

"வெளிய. கோட்டுக்கு வெளிய," என்றாள் கயிற்றிடம். "வாய் தெறக்காம."

*

எங்கள் ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் ஆட்டம் இரண்டரைக்கு. மழை காலையில் பெய்து ஓய்ந்திருந்தது. மைதானத்தின் ஒரு முனையில் தென்னை வரிசை, மறுமுனையில் விருந்தினருக்கான பந்தல். கொடி தயாரித்தது எங்கள் அலுவலகமே. பழைய ஃபைல்களை மூட்டை கட்டும் சிவப்புத் துணியில் ஒரு முழம் கிழித்து, துடைப்பக் கட்டையில் ஆணியடித்திருந்தார்கள். ஆட்டினால் தூசி பறந்தது. நான் இரவல் வாங்கியிருந்த கறுப்புச் சட்டையின் கடைசி இரண்டு பொத்தான்கள் என் வயிற்றோடு ஒத்துப்போக மறுத்துவிட்டன.

ரெஃப்ரி ஒரு பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், மலையாளி. யாரோடும் ஹிந்தியில்தான் பேசுவார், அதையும் விசில் போலச் சின்னச் சின்னதாக. என்னைத் தென்னை முனைக்குக் கூட்டிப்போய், கோட்டின் பாதியைக் காட்டி, "ஏ தும்ஹாரா," என்றார். இது உன்னுடையது. மறுபக்கக் கோட்டில் பந்தல் முனைப் பாதி, எதிரணி தந்த லைன்ஸ்மேனுக்கு. அவர் என்னைவிடக் குண்டாக இருந்தது எனக்குக் கொஞ்சம் தெம்பு தந்தது.

விசில் ஊதியது. அதற்குப் பிறகு முதல் பத்து நிமிடம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் என் முழங்கால்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஏதோ பேசிக்கொண்டிருந்தன. மூத்திரம் முட்டுவதுபோல இருந்தது. பந்து என் பக்கம் வந்தபோதெல்லாம் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஒரு தடவை பந்து கோட்டைத் தாண்டியது, யாருக்கு எறிய வேண்டும் என்று காட்டத் தெரியாமல் கொடியால் வானத்தைக் காட்டினேன். "மழை வருதாடா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

ஆனால் மெல்ல ஒரு விஷயம் பிடிபட்டது. தென்னை முனையில் இருந்தது எங்கள் கோல். அங்கே தாக்க வருகிறவர்கள் என் மனைவியின் இலாகாக்காரர்கள். அதாவது நான் பிடிக்க வேண்டியதெல்லாம் எதிரியைத்தான்! ஏஜெண்ட் வேலைக்கு இதைவிட வசதி உண்டா? முதலில் ஒன்றைப் பிடித்தேன், சரியான ஆஃப்சைடு. கொடியைத் தூக்கினேன், தூசி பறந்தது, ரெஃப்ரி ஊதினார். எங்கள் அலுவலகக் கூட்டம் எழுந்து ஆடியது.

"சபாஷ் ராஜா! நம்ம ஆளுடா!"

இன்னொன்று பிடித்தேன். அதுவும் சரி. மூன்றாவது, நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினேன், கையோடு கொடியும் உயர்ந்தது, ரெஃப்ரி ஊதிவிட்டார். தப்பு என்று எனக்குத் தெரியும். எதிரணியின் ஃபார்வர்டு என் முன்னால் வந்து நின்று, "அந்தா ஹை க்யா?" என்று கேட்டான், குருடா என்று. நான் பல்லியைத் தேடினேன். தென்னை மரத்தில் ஏதோ இருந்தது.

எதிர்ப்பக்கக் கூட்டத்தில் என் மனைவி எழுந்து நின்றதைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் சூப்பரிண்டெண்ட் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து எனக்குக் காட்டினார். ரப்பர். நிஜமாகவே அதை மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

இடைவேளை. ஒரு கோலும் விழவில்லை. எனக்கு இளநீர் வந்தது. முதுகில் தட்டினார்கள். ஹட் பே என் பெயரிலிருந்து மெல்ல அழிந்துகொண்டிருப்பதாக நினைத்தேன்.

இரண்டாம் பாதிக்கு அணிகள் பக்கம் மாறின. எங்கள் ஆட்கள் பந்தல் முனைக் கோலைக் காக்கப் போனார்கள். நானும் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர்களோடு போனேன். ஏஜெண்ட் தன் கட்சியோடு போவதுதானே முறை. பாதி மைதானம் கடந்திருப்பேன். விசில்.

"ஏய்! கிதர் ஜாதா ஹை?" எங்கே போகிறாய் என்று.

"உதர் சார். ஹமாரா டீம் உதர் கயா." எங்கள் அணி அந்தப் பக்கம் போய்விட்டது என்றேன்.

ரெஃப்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தும்ஹாரா கோயி டீம் நஹி. வாபஸ் ஜாவ்." உனக்கு அணி என்று ஒன்று கிடையாது, திரும்பிப் போ. பிறகு, சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல, தென்னை முனையைக் காட்டி மூன்று தடவை சொன்னார்: அணிகள் மாறும், லைன்ஸ்மேன் மாறமாட்டான்.

இரண்டு பக்கக் கூட்டமும் சிரித்தது. நான் திரும்பி நடந்தேன். தென்னை முனையை நெருங்க நெருங்கத்தான் அது என் மண்டைக்குள் ஏறியது. கோட்டில் என் இடம் அதேதான். ஆனால் இனிமேல் இந்த முனைக்குத் தாக்க வரப்போவது எங்கள் ஆட்கள். இனி நான் கொடி தூக்கினால், தூக்குவதெல்லாம் எங்களுக்கு எதிராக.

சரி, தூக்காமல் இருந்துவிடலாம் என்று தீர்மானித்தேன். கை வலி. கை மரத்துப்போயிற்று. கொடியில் ஆணி கழன்றது. காரணத்துக்கா பஞ்சம்?

எதிர்முனையில் அந்தக் குண்டு லைன்ஸ்மேன் எனக்கு வழிகாட்டினார். அவருடைய ஆள் எங்கள் பேக்குகளைத் தாண்டி ஒரு வீட்டு மனை அளவு முன்னால் நின்றான். பந்து வந்தது, அடித்தான், கோல். இந்த முனையிலிருந்த எனக்கே தெரிந்த ஆஃப்சைடு. ரெஃப்ரி திரும்பிப் பார்த்தபோது லைன்ஸ்மேன் கொடிக்கம்பால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். சாவகாசமாக, கண்ணை மூடி.

ஒன்றுக்குப் பூஜ்யம். எங்கள் கூட்டம் அவருடைய மூன்று தலைமுறையை விசாரித்தது. சூப்பரிண்டெண்ட் நாற்காலியை விட்டு எழுந்து கோட்டோரமாக நடந்து எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பாத்தியாய்யா? அவன் மனுசன். சோறு போட்ட ஆபீஸுக்கு விசுவாசமா இருக்கான்."

"ஆமா சார்."

"நான் இங்கனதான் நிப்பேன்."

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கடைசி நிமிடங்கள். எங்கள் ஆட்கள் மொத்தமாகத் தென்னை முனைக்கு ஏறி வந்தார்கள். உயரமாக ஒரு பந்து. அதைக் குத்தித் தள்ள எதிரணி கீப்பர் கோலை விட்டு வெகுதூரம் ஓடி வந்தார், குத்தினார், சேற்றில் வழுக்கிக் குப்புற விழுந்தார். பந்து எங்கள் ஹாஃப் ஒருவரின் காலுக்கு வந்தது. கோலுக்கு முன்னால், கோல் கோட்டின் மேலேயே எதிரணி பேக் ஒருவன். அவனுக்கு நாலு தப்படி முன்னால் எங்கள் சென்டர் ஃபார்வர்டு, தனியாக, கையைத் தூக்கி அழைத்துக்கொண்டு. அவன் சூப்பரிண்டெண்டின் தங்கை மகன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹாஃப் உதைத்தார்.

உதைத்த அந்த நேரத்தில் நான் மைதானத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தேன். பச்சை. அதற்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரே ஒரு ரோஸ். மரக்கிளிப் எங்கோ முன்னால், சேற்றில். என் காது வலித்தது.

தங்கை மகன் பந்தைத் தட்டினான். கோல். எங்கள் கூட்டம் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்தது. சூப்பரிண்டெண்ட் என் தோளைப் பிடித்து உலுக்கினார். உலுக்கிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். அவர் மூக்கில் தூசி விழுந்திருந்தது. என் வலது கை தலைக்கு மேல் இருந்தது. நான் அதை அனுப்பவில்லை, சத்தியமாக. கீழே இறக்கப் பார்த்தேன், வரவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தேன், அது துணைக்குச் சேர்ந்துகொண்டு கம்பைத் தாங்கிக்கொண்டது.

ரெஃப்ரி ஓடி வந்தார். கீப்பருக்குப் பக்கத்தில் நின்றதால் கோல் முனை அவருக்கு மறைந்திருந்தது. சுற்றிலும் எங்கள் ஆட்கள். கோல் கோட்டைக் காட்டிக் கத்தினார்கள்.

"ஆளு நின்னான் சார்! கடைசில ஒருத்தன் நின்னான்! ஆத்மி தா உதர்!"

ரெஃப்ரி என்னை மட்டும் பார்த்துக் கேட்டார். "கித்னா ஆத்மி?"

எத்தனை பேர். இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியும்.

"ஏக்," என்றேன். "கீப்பர் பாஹர்." ஒருவன்தான், கீப்பர் வெளியே.

அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஊதினார். கோல் இல்லை.

அதற்குப் பிறகு என் மேல் விழுந்தவற்றைக் கணக்கெடுக்கவில்லை. தண்ணீர் பாக்கெட், இளநீர் மட்டை, ஒரு செருப்பு. செருப்பு பெண்கள் அளவு.

"பொண்டாட்டி ஆபீஸுக்கு வித்துட்டான்யா!"

"வீட்டுலயே டிரெய்னிங் குடுத்து அனுப்பியிருக்கா!"

"ஹாஃப் டைம்லயே அந்தப் பக்கம் போகப் பாத்தானே, அப்பவே தெரிய வேணாம்?"

வீட்டில் டிரெய்னிங் என்பது உண்மைதான். ஆனால் டிரெய்னிங் கொடுத்தவள் இருபது நாளாக என்னோடு பேசவில்லை என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது?

இப்படிப்பட்ட நேரங்களில் என்னைக் காப்பாற்றுவது ஒரு ஜோக்தான். யாரையாவது நடித்துக் காட்டிவிட்டுத் தப்பித்துவிடுவேன். வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"கேளுங்க," என்றேன். "கடைசி ஆளைப் பாக்கக் கூடாது. கடைசிக்கு முந்தின ஆளைப் பாக்கணும். கீப்பர் இடத்தை விட்டு வெளிய வந்துட்டா, அவனும் ஒரு கிளிப்புதான்."

பிறகு ஒருவர் சிரித்தார். அவரைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். "கிளிப்பாம்டா!" மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. முப்பது வருடமாக நான் விதவிதமாகச் சிரிப்பு காட்டியிருக்கிறேன். இவ்வளவு பெரிய சிரிப்பை ஒரு நாளும் வாங்கியதில்லை. நான் சிரிப்பு காட்டாத ஒரே நாள் அது.

சூப்பரிண்டெண்ட் மட்டும் சிரிக்கவில்லை. ரப்பரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார்.

ஆட்டம் அப்படியே முடிந்தது. தோற்றோம்.

அடுத்த நாள் அலுவலக வாசலுக்கு வரும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். கதவருகில் நின்று பார்த்தேன். சூப்பரிண்டெண்ட் நடுவில் நின்று என்னை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வலது கை மேலே; இடது கையால் அதை இழுக்கிறார், வரவில்லை; வயிற்றில் பொத்தான் தெறிக்கிறது; முழங்கால் இரண்டும் பேசிக்கொள்கின்றன. அசல் நான். முதல் தடவையாக என்னை நானே பார்த்தேன், அவ்வளவு அருமையாகச் செய்தார். எல்லோரும் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, கையை இறக்காமலேயே, மேஜை மேலிருந்த தாளைக் கண்ணால் காட்டினார்.

ஆர்டர். ஹட் பே. இப்போது பேனாவில்.

வீட்டுக்கு வந்தபோது மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. என் மனைவி பின்பக்க வராந்தாவில் துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். ஆர்டரை அவள் முன்னால் நீட்டினேன். வாங்காமலேயே படித்தாள். ஒரு விமானம் இறங்கியது. அது போகும்வரை காத்திருந்தாள்.

"வேர்வை தொடைக்கத் தூக்குன கொடிக்கு இது வேணும்," என்று கயிற்றிடம் சொன்னாள். "கடைசில தூக்குனது சரிதான். ஆனா லேட்டு. ஒரு நொடி லேட்டு. யாராவது சொல்லிருங்க."

"ஒரு நொடியா? கையே எங்கிட்ட கேக்காமத்தான் போச்சு..."

"எங்க ஆபீஸ்ல இன்னிக்கு ஒருத்தியும் என் மூஞ்சியப் பாத்துப் பேசல. எங்க ஆபீஸ் போட்ட கோலே ஆஃப்சைடுன்னு நான் சொன்னேன்ல, அதுக்கு." ஒரு கிளிப்பைக் கழற்றினாள், இன்னொன்றைக் கழற்றினாள். "ஜெயிச்ச வீட்டுலயும் எளவு, தோத்த வீட்டுலயும் எளவு."

நான் எதையும் நடித்துக் காட்டவில்லை. துணிகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். கயிறு காலியானது. அவள் சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, ஃபிரிஜ்ஜைத் திறக்கிற சத்தமும் அதனிடம் பேசுகிற சத்தமும் கேட்டன.

"ஒரு வாரம் லீவு போடப் போறேன். கப்பல் டிக்கெட் ஒண்ணா ரெண்டான்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க."

வராந்தாவில் ஃபிரிஜ் இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"ரெண்டுன்னு சொல்லிருங்க."

உள்ளே எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் விழுந்தன.

"பாத்ரூமுக்குப் பக்கத்து பெர்த்தாப் பாத்து எடுக்கச் சொல்லுங்க," என்றாள். "அந்த ஆளுக்கு மட்டும். எனக்குத் தள்ளி."